மணிக்கு ஐந்து மைலில் வரும் கோளாறு

டார்லா ஹூக்ஸ்ட்ராவின் காலில்தான் கோளாறு என்று சர்வீஸ் நிலையம் எழுதிக் கொடுத்திருந்தது. வண்டியில் ஒன்றுமில்லையாம். வழவழப்பான தாள், மேலே சின்னம், கீழே மேலாளர் ட்வைட்டின் கையெழுத்து. ஒரு மனுஷியின் காலைப் பற்றி இவ்வளவு நல்ல தாளில் எழுதி நான் பார்த்ததில்லை.

டார்லா தபால்காரி. அயோவாவில் கிராமத்துத் தபாலுக்குப் பெரும்பாலும் சொந்த வண்டிதான். சோளக்காட்டு மண் சாலைகளில் வீட்டுக்கொன்றாக நானூற்றுப் பன்னிரண்டு தபால் பெட்டிகள். அமெரிக்க வண்டியில் ஸ்டீயரிங் இடது பக்கம், பெட்டிகளோ சாலையின் வலது ஓரம் என்பதால், வலது சீட்டில் உட்கார்ந்து, இடது காலை எட்டி நீட்டிப் பெடலை மிதித்து, இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, வலது கையால் ஜன்னல் வழியே கடிதத்தைப் பெட்டியில் போடுவாள். பத்தொன்பது வருஷமாக இதே யோகாசனம். இரண்டு வாரமாக வண்டி பெட்டியை விட்டு நகரும்போது முக்கித் திணறியது, பிறகு துள்ளியது. செவ்வாய்க்கிழமை துள்ளிய துள்ளலில் வால்லி பீட்டர்சனின் மீன் வடிவப் பெட்டி வேரோடு சாய்ந்தது. வெள்ளிக்கிழமை தபால் ஆபீசில் விசாரணை. 'தவிர்த்திருக்கக்கூடிய விபத்து' என்று முடிவானால் அவளுடைய வழித்தடம் வேறொருவருக்குப் போய்விடும்.

வியாழக்கிழமை மதியம் அந்தத் தாளோடு என் பட்டறைக்கு வந்தாள்.

"வெர்ன், என் கால் நல்லா இருக்கான்னு பாரு."

"நான் டாக்டர் இல்ல."

"அவனுந்தான் இல்ல. எழுதிட்டானே."

ட்வைட்டுக்கு போன் போட்டு, எப்படிச் சோதித்தார் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். ஸ்கேனரை மாட்டினாராம், ஒரு பிழையும் பதிவாகவில்லையாம். நெடுஞ்சாலையில் எழுபது மைல் வேகத்தில் ஓட்டினாராம், வண்டி சிணுங்கக்கூட இல்லையாம். பெட்டி பெட்டியாக ஊர்ந்து பார்த்தீர்களா என்றேன். தங்கள் சோதனைப் பாதையில் தபால் பெட்டிகள் கிடையாது என்றார். டிரைவர் டிரைவர் சீட்டில் உட்கார வேண்டும் என்று ஒரு அறிவுரையும் வந்தது. எழுபதில் பறந்துகொண்டே கடிதம் எறிகிற தபால்காரியை ட்வைட் எங்கே கண்டாரோ, எனக்குத் தெரியாது. அவர் சுவரில் ஆறு சான்றிதழ்கள் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. ஆறில் ஒன்றுகூட அவரை மண் சாலைக்கு அனுப்பவில்லை.

என்னிடம் ஒரு பழைய முள் மீட்டர் இருக்கிறது. பெடலை மிதித்தால் என்ஜினுக்குக் காற்றுவிடத் திறக்கிற கதவுக்குத் திராட்டில் என்று பெயர்; அது எவ்வளவு திறந்திருக்கிறது என்று என்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சென்சார் ஒன்று உண்டு. அதன் கம்பியில் மீட்டரை மாட்டி, சாவியை மட்டும் திருப்பி, என்ஜினைக் கிளப்பாமல், திராட்டிலைக் கையால் மெல்லத் திறந்தேன். அரை வோல்ட்டில் தொடங்கி நாலரை வரை முள் ஒரே சீராக ஏற வேண்டும். கொஞ்சம் ஏறியது. பொத்தென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. மறுபடி ஏறியது. பத்துத் தடவை செய்தேன், பத்துத் தடவையும் அதே இடம். எண் காட்டுகிற மீட்டரையும் மாட்டிப் பார்த்தேன். அது நிதானமாக அடுத்த எண்ணை எழுதுவதற்குள் அந்தச் சரிவு வந்து போய்விடுகிறது.

விஷயம் இவ்வளவுதான். டார்லாவின் கால் நாளெல்லாம் நிற்கிற அந்த ஒரு இடத்தில் சென்சாருக்குள் மின்தொடர்பு தருகிற பட்டை தேய்ந்துபோயிருந்தது. அங்கே வந்ததும், காலை எடுத்துவிட்டாள் என்று கம்ப்யூட்டர் நினைத்து பெட்ரோலை நிறுத்துகிறது. வண்டி முக்குகிறது. அவள் இன்னும் அழுத்துகிறாள். தொடர்பு திரும்பி வருகிறது. வால்லியின் மீன் சாய்கிறது.

புது சென்சார் அலமாரியிலேயே இருந்தது. எடுக்கப் போனேன். டார்லா என் கையைப் பிடித்தாள்.

"இப்ப மாத்திட்டா எனக்கு யாரு சாட்சி?"

ஆகவே வெள்ளிக்கிழமை காலை அந்தக் கெட்ட வண்டியையே தபால் ஆபீசுக்கு இழுத்துப் போனேன். போஸ்ட் மாஸ்டர் மார்லிஸ் விதிப் புத்தகத்துக்குக் கை கால் முளைத்த மாதிரி ஒரு பெண்மணி. கையெழுத்துப் போட்டவர் என்று ட்வைட்டையும் வரச் சொல்லியிருந்தார். வெள்ளைச் சட்டையில் வந்த ட்வைட், முள்ளை வைத்து வண்டி பார்த்த காலமெல்லாம் போய்விட்டது என்று ஆரம்பித்தார். தங்கள் ஸ்கேனரின் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டே போனார். மார்லிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, நான் காட்டியபடி தானே திராட்டிலைத் திறந்தார். முள் விழுந்தது. மறுபடி திறந்தார். விழுந்தது. அப்புறம் ட்வைட்டைத் திறக்கச் சொன்னார்.

ட்வைட் ஒரே இழுப்பில் முழுசாகத் திறந்தார். முள் சரேலென்று மேலே போனது. "பாத்தீங்களா?" என்றார்.

"மெதுவா திறங்க சார்," என்றார் மார்லிஸ். "நீங்க எங்கயோ பறக்குறீங்க. அவ அடுத்த பெட்டிக்குத்தான் போறா."

மெதுவாகத் திறந்தார். முள் விழுந்தது. ட்வைட் முள்ளைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். இப்படிச் சோதிப்பது தங்கள் நடைமுறையில் இல்லை என்றார்.

"என் காலைப் பத்தி எழுதறது மட்டும் நடைமுறையில இருக்கா?" என்று டார்லா கேட்டாள். மன்னிப்புக்கூடக் கேட்காமல் அவர் தன் காரில் ஏறிப் போய்விட்டார்.

மார்லிஸ் டார்லா வண்டியின் பானெட்டைச் சாத்தி, அதன் மேலேயே படிவத்தை வைத்து, 'தவிர்த்திருக்க இயலாதது' என்ற கட்டத்தில் குறி போட்டு, தேதி எழுதிக் கையெழுத்திட்டார். டார்லா மூக்கை உறிஞ்சினாள். ஏதோ சொல்லவும் வாயெடுத்தாள்.

"அழறதெல்லாம் அப்புறம் வெச்சுக்க," என்றார் மார்லிஸ். "மணி ஒன்பதே கால். உன் தபால் இன்னும் பிரிக்காமலே கெடக்கு. வெர்ன், அந்த சாமான மாத்த எவ்வளவு நேரமாகும்?"

புது சென்சாரைக் கையோடு கொண்டு வந்திருந்தேன். பத்து நிமிஷம் என்றேன்.

"இங்கயே மாத்து," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.