மூன்று முறை கேட்ட கேள்வி

மருத்துவமனையின் குறியீட்டுப் பிரிவில் அவளுக்கு அகராதி என்று பெயர். டாக்டர் எழுதும் நோய்க்கு உரிய குறியீட்டு எண்ணைக் கோப்பில் பதிவதுதான் அங்கே வேலை. அந்தக் குறியீடுகள் அத்தனையும் மனப்பாடம் என்பது பாதிக் காரணம். யார் தப்புச் செய்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள் என்பது மீதிக் காரணம். பத்தொன்பது வருடத்தில் அவள் முடித்த கோப்பு ஒன்றுகூடத் திருத்தத்துக்குத் திரும்பி வந்ததில்லை.

அன்று காலை ஒரு தையல்காரரின் கோப்பு. நரம்பியல் டாக்டர் ‘மறதிநோயாக இருக்கலாம்’ என்று எழுதியிருந்தார். ‘இருக்கலாம்’ என்பதற்குக் குறியீடு கிடையாது; டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். இந்த ஆளுக்கு எழுதவே தெரியாது என்று முணுமுணுத்தபடி, ‘இருக்கிறதா, இல்லையா?’ என்று கணினியில் கேட்டு அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ‘செவ்வாய், புதன், இன்று. ஒரே கேள்விக்கு மூன்றாம் முறையாகப் பதில் எழுதுகிறேன். ஸ்கேன் வரவில்லை. வெறும் மறதி என்றே போடுங்கள்.’

அந்தக் கோப்பின் பழைய பக்கங்களைத் திறந்தாள். செவ்வாய்க்கிழமைக் கேள்வி இருந்தது, புதன்கிழமைக் கேள்வியும். இரண்டும் அவள் பெயரில். யாரோ கடவுச்சொல்லைத் திருடியிருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்ததில் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் புதன்கிழமைப் பதிலுக்குக் கீழே ‘நன்றி டாக்டர், இப்போது புரிந்தது’ என்றும் இருந்தது. திருடன் நன்றி சொல்ல மாட்டான்.

பக்கத்து மேசைக்காரியிடம் விளையாட்டுப் போல விசாரித்தாள்.

“நீங்கதானேக்கா நேத்தும் அவரத் திட்டிட்டு இருந்தீங்க, இந்த ஆளுக்கு எழுதவே தெரியாதுன்னு.”

அவளோடு சேர்ந்து தானும் சிரித்துவைத்தாள்.

வேலைப்பளு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று மாடியிலிருந்த டாக்டரின் அறைக்குப் போனாள். படியேறும்போது வேலை போய்விடுமோ என்று பயமாக இருந்தது. கதவருகே வந்தபோது, வேலை மட்டும் போனால் தேவலாம் என்று தோன்றிவிட்டது.

டாக்டர் கோபித்திருந்தால் பிழைத்திருப்பாள். அவரோ சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, புதுக் கோப்பு ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

“வீட்டுல உங்ககூட யாரும்மா இருக்காங்க?”

“என் வீட்டுக்காரர். ஏன் டாக்டர்?”

“நாளைக்கு அவரையும் கூட்டிட்டு வாங்க. அவர்கிட்டயும் கொஞ்சம் கேக்கணும்.”

நோயாளி தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டும் நம்பி எழுத முடியாதபோதுதான் டாக்டர்கள் வீட்டாரைக் கூப்பிடுவார்கள். ஆயிரம் கோப்புகளில் படித்திருக்கிறாள். ‘தகவல் தருபவர்’ என்ற இடத்தில் அவர் ‘கணவர்’ என்று எழுதுவதை, எதிரில் உட்கார்ந்து தலைகீழாகப் படித்தாள்.