இறங்க முடியாத பேரம்

புது வண்டியின் மீட்டரில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்த அன்று வெள்ளைத்துரை செய்த முதல் காரியம், கடையிலிருந்து ஒரு விலைச் சீட்டை எடுத்து அதன் மேல் ஒட்டியதுதான். பாத்திரக்கடைக்காரன் வேறென்ன செய்வான்? குடம் எங்கே நசுங்கியிருக்கிறதோ அங்கேதானே சீட்டு ஒட்டுவது.

தி.நகரில் ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் அவனுக்கு எவர்சில்வர் கடை. வீடு சி.ஐ.டி. நகர். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வண்டி தினமும் நகர்ந்தது. ஓடியது என்று சொன்னால் வண்டிக்கே சிரிப்பு வரும். பழைய டீசல் வண்டி ஊரையே கறுப்பாக்கிக்கொண்டு போனாலும் மிதித்த மாத்திரத்தில் பாயும். புதுசும் டீசல்தான், ஆனால் மிதித்தால் யோசிக்கும். யோசித்து முடித்துத்தான் கிளம்பும். மைலேஜ் விஷயத்தில் விற்றவன் சொன்னது ஒன்று, வண்டி கொடுப்பது ஒன்று.

சர்வீஸ் சென்டர் காஷிஃபுக்கு ஃபோன் போட்டுக் கத்தியபோது அவன் நிதானமாக விளக்கினான்.

"இப்ப டெஸ்ட்டெல்லாம் ரொம்ப டைட்டு அண்ணாச்சி. முன்ன ரூமுக்குள்ள உருளைல ஓடவிட்டு புகைய அளப்பாங்க. இப்ப ரோட்டுலயும் ஓட்டி அளக்குறாங்க. அதனால உங்க வண்டி கரிய வெளிய விடாது. உள்ள ஒரு ஃபில்டர்ல புடிச்சு வெச்சுக்கும். ரொம்பினா சூடேத்தி எரிச்சிடும். ஆனா அதுக்கு வண்டி ஓடணும். நீங்க தி.நகர்லயே தவழ்ந்துக்கினு இருந்தா எப்டி எரியும்?"

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"நல்ல ரோடா பாத்து, அறுபதுக்குக் கொறையாம ஒரு இருபது நிமிஷம் ஓட்டுங்க. நடுவுல எஞ்சினை அணைக்கக் கூடாது. வெளக்கு தானா போயிடும்."

"போக வேண்டிய எடமே இல்லாம டீசல எரிக்கச் சொல்லுத?"

"எரிக்கலன்னா இழுவை கொறையும். அதுக்கப்புறம் கட்டி இழுத்துக்கினுதான் வரணும். ஃபில்டரையே மாத்தணும்னு சொன்னா என்னைத் திட்டக் கூடாது."

வெட்டியாய் ஊர் சுற்றி எரிபொருளை அழிப்பதா? வெள்ளைத்துரையின் வம்சத்தில் யாரும் செய்யாத காரியம். ஒட்டிய சீட்டை அப்படியே விட்டுவிட்டு வேலையைப் பார்த்தான். அவனுக்கு அந்த வாரம் அதைவிடப் பெரிய நெருப்பு வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது.

கடைக் கட்டடம் கோபாலபுரத்து அப்துல் வஹீத் பாய்க்கும், அடையாறு காந்தி நகரில் இருக்கும் அவர் தங்கை ஆமினா பீக்கும் பாதிப்பாதி. ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. வியாழக்கிழமை சாயங்காலம் புதுப்பிக்கப் போனபோது பாய் தாடியைத் தடவிக்கொண்டே, "ஒரு ஃபோன் கம்பெனிக்காரன் கேட்டுக்கினு கீறான் தொரை. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ஆமினா வீட்ல கையெழுத்து. நீ வேற எடம் பாத்துக்கோ" என்றார்.

வேற இடமா? கல்யாணச் சீர்ப் பாத்திரம் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கடையின் பெயரே தெரியாது. "அந்தச் சந்துல, ஜூஸ் கடைக்கு எதிர்ல" என்று மகளுக்குத் தாய் சொல்லி வருகிறார்கள். அந்த இடத்தை விட்டால் அடுத்த தெருவுக்குப் போனாலும் அவன் புதுக் கடைக்காரன்தான்.

பாயோடு பேரம் பேசுவது லேசும் இல்லை. அவருடைய ஆயுதம் ஒன்றே ஒன்று: எழுந்து போவது. ஒவ்வொரு தடவையும் பேச்சு முற்றும் நேரத்தில் "சரி, நான் வரேன்" என்று செருப்பை மாட்டிவிடுவார். வெள்ளைத்துரைதான் பின்னால் ஓடிப்போய்க் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட வாய்க்கு விலை ஏறிவிடும். இந்தத் தடவை கூப்பிடவே இடம் வைக்காமல் முடித்துவிட்டார்.

ஆகையால்தான் ஞாயிறு காலை, "நானே கொண்டு விடுதேன் பாய், ஆட்டோ எதுக்கு?" என்று கோபாலபுரத்து வாசலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினான். அடையாறு போய்ச் சேருகிற வரைக்கும் பேசலாம். அதுதான் அவனுக்கு மிச்சமிருந்த அவகாசம்.

பாய் அத்தர் மணக்க முன்சீட்டில் உட்கார்ந்தார். "சோக்கா கீது வண்டி. எவ்ளோ குடுக்குது?"

"அள்ளிக் குடுக்கு பாய்" என்றான் வெள்ளைத்துரை. டி.டி.கே. சாலை முழுக்கக் கெஞ்சினான், கணக்குக் காட்டினான், பழைய பழக்கத்தைச் சொன்னான். பாய் ஜன்னல் வழியாகக் கடைகளின் பெயர்ப்பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு வந்தார்.

அடையாறு பாலத்தின் மேட்டில் வண்டி திடீரென்று மூச்சு வாங்கியது. 'டிங்' என்று ஒரு சத்தம். இப்போது சின்ன விளக்கு இல்லை. நடுத்திரை முழுக்க ஆங்கிலத்தில் எச்சரிக்கை. ஃபில்டர் நிறைந்துவிட்டது, ஓட்டிக்கொண்டே இரு என்று. அதை மறைக்கக் கடையில் இருக்கும் அத்தனை சீட்டும் போதாது.

பாய் எட்டிப் பார்த்தார். மீட்டர் மேல் இருந்த சீட்டு அவர் கண்ணில் பட்டது. நகத்தால் உரித்தெடுத்தார். "இன்னாது இது, ஐநூத்தி நாப்பதுன்னு போட்டுக்கீது? மீட்டரத் தனியா விக்கிறியா?"

வெள்ளைத்துரை சாலையைப் பார்த்தான். காந்தி நகர் திருப்பம் வந்துகொண்டிருந்தது. திரும்பினால் ஐந்து நிமிஷத்தில் ஆமினா பீ வீடு. பாய் இறங்கிப் போய்க் கையெழுத்துப் போடுவார். வண்டி வாசலிலேயே செத்துக் கிடக்கும். கடையும் போய், காரும் போய் அவன் நடுத்தெருவில் நிற்பான். திரும்பாமல் போனால் வண்டி பிழைக்கலாம். பேசவும் நேரம் கிடைக்கும்.

ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை.

"ஏய், தெரு போச்சு!"

"முன்னாடி திரும்பிக்கிடுவோம் பாய்."

மத்திய கைலாஷ் சந்திப்பும் வந்தது. வெள்ளைத்துரை பழைய மகாபலிபுரம் சாலைக்குள் வண்டியை விட்டான்.

"டேய் தொரை. எங்கடா போய்க்கினு கீறே?"

இனி மறைக்க முடியாது. "வண்டிக்குள்ள கரி அடைச்சிருக்கு பாய். ஓட்டித்தான் எரிக்கணும். இப்ப எஞ்சினை அணைச்சா அவ்வளவுதான்."

"வண்டிக்கு மலச்சிக்கலா?" பாய் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஐம்பது வருசமா வியாபாரம் பண்றேன். எத்தினியோ சாக்கு கேட்டுக்கீறேன். இது புச்சு. என்னைக் கடத்திக்கினு போறே. கையெழுத்து போட விடாம பண்றே."

"அல்லா சத்தியமா இல்ல பாய்."

"என் அல்லா மேல நீ ஏன் சத்தியம் பண்றே? உன் சாமி மேல பண்ணு!" பாயின் குரல் உயர்ந்தது. "நிறுத்து. நான் எறங்கிக்கிறேன்."

இருபது வருஷமாகக் கேட்டுப் பழகிய அதே குரல். கேட்டதும் வெள்ளைத்துரையின் வாய் பழக்கதோஷத்தில் "உக்காருங்க பாய்" என்று சொல்லத் திறந்தது. அவர்தான் உட்கார்ந்துகொண்டிருக்கிறாரே என்று மூடிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை என்று பேர்தான். மெட்ரோ வேலைக்காக அடித்த தகரங்களுக்கு நடுவே சாலை ஒடுங்கிக் கிடந்தது. முன்னால் ஒரு மாநகரப் பேருந்து. வேகம் முப்பதைத் தாண்டவில்லை. மிதித்தாலும் வண்டி நனைந்த மூட்டை மாதிரிக் கனத்தது.

டைடல் பார்க் சிக்னலில் சிவப்பு விழுந்தது. நின்றே ஆக வேண்டும். எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. 'க்ளிக்' என்று ஒரு சத்தம். பாய் பெல்ட்டைக் கழற்றிவிட்டார். கை கதவுப் பிடியில் இருந்தது. வெளியே, கை தட்டினால் வந்து நிற்கிற தூரத்தில் ஓர் ஆட்டோ காலியாக நின்றது.

வெள்ளைத்துரை கணக்குப் போட்டான். ஆட்டோவில் ஏறினால் பத்து நிமிஷத்தில் ஆமினா பீ வீடு. அதோடு கடை போச்சு. கையைப் பிடித்து இழுக்கலாமா? காலில் விழ இடமில்லை, காலுக்குக் கீழே பிரேக் இருக்கிறது.

பச்சை விழுந்தது. பின்னால் வண்டிகள் கத்தின. பாய் மெதுவாகப் பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஓட்டு, ஓட்டு. பின்னால திட்றான் பாரு."

துரைப்பாக்கத்தில் ரேடியல் சாலைக்குத் திரும்பியதும் கண்முன்னே தார் விரிந்தது. இரண்டு பக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு, நாணல், தண்ணீர். வெள்ளைத்துரை மிதித்தான். வண்டி யோசித்தது. ஐம்பது. அறுபது. எஞ்சினின் சத்தம் மாறியது. கூடவே ஏதோ கருகும் வாடை உள்ளே வந்தது.

"இன்னாடா நாத்தம் இது?"

"கரி எரியுது பாய்."

"வண்டி எரியுதுடா! தோபா, தோபா! நிறுத்துடா!" பாயின் கை ஹேண்ட்பிரேக்கின் மேல் விழுந்தது.

"அதை இழுத்தீயன்னா ரெண்டு பேரும் அந்தா அந்தக் கொக்குக்குப் பக்கத்துல போய் நிப்போம்! கைய எடுங்க பாய்!"

அவன் கத்தியதைப் பாய் இதுவரை கேட்டதில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பக்கவாட்டில் ஒரு தண்ணீர் லாரி உரசுவதுபோல் வந்து விலகியது.

அப்போதுதான் வெள்ளைத்துரையின் வியாபார மூளை விழித்துக்கொண்டது.

பாய் தெருவைத் தாண்டியதற்குக் கத்தினார். நாற்றத்துக்குக் கத்தினார். கடத்தல் என்றார். ஆனால் ஒரு தடவைகூட மணி என்ன என்று கேட்கவில்லை. சட்டைப் பையில் ஃபோன் இருக்கிறது. தங்கைக்கு ஒரு வார்த்தை 'வர லேட்டாகும்' என்று சொல்லவில்லை. ஆட்டோ கைக்கெட்டும் தூரத்தில் நின்றது, இறங்கவில்லை. சரக்கு நிஜமாகவே விலைபோயிருந்தால் எந்த வியாபாரியாவது இப்படி சாவகாசமாக உட்கார்ந்து கோபப்படுவானா?

"பாய்" என்றான், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல். "கம்பெனிக்காரங்க பத்து மணிக்கு வந்து காத்திருப்பாங்களே. ஆமினாக்காவுக்கு ஒரு ஃபோன் போட்டு, உக்காத்தி வைக்கச் சொல்லுங்க."

பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் வேணா போட்டுக் குடுக்கட்டுமா?"

"சார்ஜ் இல்ல" என்றார் பாய். அவர் சட்டைப் பையில் ஃபோன் அந்த நேரம் பார்த்து ஏதோ செய்தி வந்து மினுக்கியது.

வெள்ளைத்துரை அதைப் பார்த்தான். அவன் பார்த்ததைப் பாய் பார்த்தார்.

"வியாழக்கிழமை காலைலயே வந்து பாத்துட்டுப் போய்ட்டானுங்க" என்றார், சதுப்பு நிலத்தைப் பார்த்தபடி. "சந்து ஒடுக்கமா கீதாம். கண்ணாடி முகப்பு வெச்சா எவன் கண்ணுக்கும் தெரியாதாம்."

"அப்ப இன்னைக்குப் பத்து மணிக்கு?"

"பாயா. ஞாயித்துக்கிழமைன்னா ஆமினா ஆட்டுக்கால் வெப்பா. ஆட்டோக் காசு மிச்சம்னுதான் உன் வண்டில ஏறினேன்."

வியாழனிலிருந்து வெள்ளைத்துரை சாப்பிடவில்லை, தூங்கவில்லை. மனைவி தங்கபுஷ்பம் நகைப்பெட்டியை எடுத்து எதிரே வைத்து, வேறு கடைக்கு முன்பணம் புரட்டச் சொல்லி அழுதிருந்தாள்.

"ஏன் பாய்?"

"நீ ஓடியாந்து கூப்புடுவேன்னு பாத்தேன். நீ மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு போய்ட்டே. அப்புறம் நானா எப்டி எறங்கி வர்றது?" பாய் பெல்ட்டை இழுத்து இழுத்து விட்டார். "சரி, பேரம் உன் கைக்கு வந்துடுச்சு. கேளு. எவ்ளோ கொறைக்கணும்?"

குறைக்கலாம். பாதியாகக்கூடக் குறைக்கலாம். இந்த ஓட்டத்தில் இந்த மனுஷன் எதற்கும் தலையாட்டுவார். ஆனால் பொய் கிழிந்த அவமானத்தில் கொடுக்கிறவன், அடுத்த தடவை நிஜமாகவே ஒரு கம்பெனிக்காரனைக் கூட்டி வந்து நிறுத்துவான். அதுவும் வெள்ளைத்துரைக்குத் தெரியும். அவன் பிறந்து வளர்ந்ததே கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில்.

"வாடகை வழக்கம்போல ஏறட்டும். கொறைக்க வேண்டாம்" என்றான். "மூணு வருசத்துக்குப் பதிலா ஒம்பது வருசம் எழுதணும். பதிவு பண்ணி."

"ஒம்பதா! ஆறு."

"ஒம்பது."

"அப்ப நான்..." என்று ஆரம்பித்த பாய் நிறுத்திக்கொண்டார். வெளியே நாணல் ஓடிக்கொண்டிருந்தது. செருப்பு காலில்தான் இருந்தது. போவதற்குத்தான் இடமில்லை.

"ஏழு" என்றார் பலவீனமாக.

வெள்ளைத்துரை அறுபத்தைந்தில் ஓட்டினான்.

"சரி, ஒம்பது. ஆனா ஒண்ணு. கம்பெனிக்காரன் ஓடிப் போனது ஆமினாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா 'நீ பேசியே துரத்திட்டே'ம்பா. நானே வேணாம்னு சொல்லிட்டேன்னு சொல்லப் போறேன். நீ காலைப் புடிச்சுக் கெஞ்சினே, மனசு எளகிடுச்சு. புரியுதா?"

"நான் கெஞ்சுனேனா?"

"ஒம்பது வருசம் வேணுமா, வேணாமா?"

பல்லாவரம் பக்கம் போய்த் திரும்பி வேளச்சேரி வழியாக வரும்போதுதான் இருவரும் மீட்டரைப் பார்த்தார்கள். விளக்கு அணைந்திருந்தது. எப்போது அணைந்ததென்று இருவருக்கும் தெரியவில்லை. டீசல் முள் மட்டும் நன்றாக இறங்கியிருந்தது.

ஆமினா பீ வாசலிலேயே நின்றாள். "எங்க போய்ட்டீங்க பாய்ஜான்? கம்பெனிக்காரங்களயும் காணோம், உங்களயும் காணோம். பாயா ஆறிப் போச்சு."

"அவனுங்கள நான் வேணாம்னுட்டேன்" என்றார் பாய், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "பழைய ஆளு. வழியெல்லாம் அழுதுக்கினே வந்தான். கால்ல விழாத கொறை."

ஆமினா பீ வெள்ளைத்துரையின் பக்கம் திரும்பினாள். "அப்டியா தொரை?"

ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், இந்த அண்ணன் இந்த வீட்டில் இனி வாய் திறக்க முடியாது. பாய் அதற்குள் உள்ளே போய் மேஜையருகே நின்று, தண்ணீர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே பிடித்திருந்தார்.

"ஆமாக்கா" என்றான் வெள்ளைத்துரை. "ரொம்பக் கெஞ்சுனேன். பாய் பெரிய மனசு பண்ணி ஒம்பது வருசம் எழுதித் தாரேன்னுட்டாங்க."

"ஒம்பதா?" ஆமினா பீ அண்ணனைப் பார்த்தாள், இவனைப் பார்த்தாள். பிறகு இவனையும் உள்ளே கூட்டிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டு, சட்டியிலிருந்து பெரிய நல்லி எலும்பாகத் தேடி எடுத்து இவன் தட்டில் வைத்தாள்.

"சாப்புடு. கெஞ்சினவன் மூஞ்சி இப்டி இருக்காது."