மூன்றாம் துளை

அப்பா வெர்ல் மூன்றாம் முறையாகச் சம்மட்டியை ஓங்கியபோது லீட்டா பட்டறைக் கதவை உதைத்துத் திறந்தாள். அடக்கத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம்தான். மனுஷன் கோட்டும் டையுமாக நின்று, மகனைக் கொன்ற பனிவண்டியை, அந்த ஸ்னோமொபைலை, அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்.

முன்கண்ணாடி, கைப்பிடி எல்லாம் போயாயிற்று. இப்போது வண்டியை மல்லாத்திப் பின்பக்கத்துக்கு வந்திருந்தார். அது லீட்டாவின் கைவேலை.

ஆழப்பனியில் மலையேறுகிற வண்டிக்கு, சக்கரத்துக்குப் பதிலாகச் சுழலும் பின்பட்டை ஆளைவிட நீளம். அதற்குள் இருக்கிற சஸ்பென்ஷன் தாங்காது என்று, தம்பி ரஸ்ஸுக்காக இரண்டு வாரம் மெனக்கெட்டு அதைப் பலப்படுத்தியவள் அவள். தண்டுகளுக்குப் பக்கத்தகடு வைத்தாள், ஸ்பிரிங்கை மாற்றினாள், கடைசியாக, சஸ்பென்ஷனை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கிற வாரை மூன்றாம் துளையில் போல்ட் போட்டுப் பூட்டினாள். வார் குட்டையாக இருந்தால்தான் செங்குத்தில் மூக்கு தரையை விடாது. முதல் துளைக்கு நீளவிட்டால் மூக்கு அந்தரத்தில் தூக்கும், பார்க்கிறவர்கள் விசிலடிப்பார்கள், செங்குத்தில் வண்டி அப்படியே பின்னால் புரண்டு ஓட்டுகிறவன்மேல் விழும். வியாழக்கிழமை ரஸ்மேல் அப்படித்தான் விழுந்தது. நெஞ்சு நசுங்கிப்போயிற்று. இருபத்திநாலு வயது.

அன்று ஆஸ்பத்திரி வாசலிலேயே அப்பா அறைந்ததில் கிழிந்த உதடு இன்னும் ஆறவில்லை. அம்மா நோரீன் அடிக்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். அதற்கு நாலு அறையே தேவலை. போதாக்குறைக்கு லீட்டாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாம் துளைதானா, இல்லை கை தவறிவிட்டதா? மூன்று ராத்திரியாக போர்வைக்குள் விரலால் துளை எண்ணிக்கொண்டு கிடந்தாள். மீட்புக்குழு ஆட்கள் இன்று காலைதான் மலையிலிருந்து வண்டியை இறக்கிக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள்.

"ஒரு நிமிஷம்ப்பா. வாரை மட்டும் பாத்துக்கறேன்."

"பாக்க என்னடி இருக்கு? வெளிய போ."

பிடித்துத் தள்ளினார். மேஜை விளிம்பு விலாவில் இடித்து மூச்சு நின்றது. தவழ்ந்தே வந்து பட்டைக்குள் தலையை விட்டாள்.

போல்ட் முதல் துளையில் இருந்தது.

விரலால் இன்னொரு முறை எண்ணிப்பார்த்தாள். அப்புறம்தான் மஞ்சள் கண்ணில் பட்டது. முடுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் பக்கத்துத் தகடுவரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுவது அவள் பழக்கம். யாராவது கை வைத்தால் கோடு ஒட்டாமல் நின்று காட்டிக்கொடுக்கும். இங்கே பாதி ஒருபக்கம், பாதி ஒருபக்கம். போல்ட் தலையின் ஆறு முனையும் நாய் கடித்த மாதிரி இருந்தது.

அந்த வீட்டில் எதற்கெடுத்தாலும் பல் வைத்த பைப் ரிஞ்சைத் தூக்குகிற ஆள் ஒருவர்தான். சமையலறைக் குழாய் நட்டும் இப்படித்தான் பல் பதிந்து கிடக்கிறது. அம்மா பத்து வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அப்பாவின் வலது கை வந்து போல்ட்டை மூடியது. சம்மட்டி தரையில் கிடந்தது.

"வாரை நீளவிடச் சொல்லி ரஸ் கேட்டான்," என்றார். "நீ மாட்டேன்னுட்டியாம். வண்டி மூக்கே தூக்கலைன்னு கூட்டாளிங்க கேலி பண்றாங்களாம். பாவமா இருந்துச்சு."

"கைய எடுப்பா."

"உங்கம்மா தாங்கமாட்டா, லீட்டா."

"நான் மட்டும் தாங்குவேனா? மூணு நாளா நான்தான் கொன்னேன்னு நெனச்சிட்டிருக்கேன். நீ பாத்துட்டே இருந்தே. கைய எடு."

எடுக்கவில்லை. அவள் சம்மட்டியைத் தூக்கினாள். அவர் அதைப் பார்த்தார், அப்பவும் எடுக்கவில்லை. பாவி மனுஷன் எடுத்திருக்கலாம். அவள் இறக்கினாள்.

எலும்பு முறிகிற சத்தம் இருவருக்கும் கேட்டது. அவர் கத்தாமல் மண்டியிட்டு, கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்தார். லீட்டா தன் ஸ்பேனரை எடுத்து வந்து போல்ட்டை நிதானமாகக் கழற்றி, அவருடைய கோட்டின் இடதுபையில் போட்டாள்.

"அம்மா கையில நீயே குடு."

சர்ச்சுக்குள் நுழையும்போதே, பின்கூடத்தில் பெண்கள் சாவுச் சாப்பாட்டுக்குச் சூடுபண்ணிய பாலாடைக்கட்டி உருளைக்கிழங்கின் வாசனை. முதல் வரிசையில் நோரீன் உட்கார்ந்திருந்தாள். இடப்பக்கம் மகள் உட்காரவேண்டிய இடத்தில் தன் கனத்த மேல்கோட்டை விரித்துப் போட்டிருந்தாள். ஊரே பார்க்க லீட்டா நடைபாதையில் நின்றாள்.

வெர்ல் வலது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். கைக்கு என்ன என்று நோரீன் கேட்டாள். அவர் இடது கையால் பையைத் துழாவி, அந்தப் போல்ட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் அறுந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தாள். கட்டைவிரல் போல்ட் தலையைச் சுற்றிவந்தது, கடிபட்ட ஒவ்வொரு முனையாக. மறுபடி ஒரு சுற்று. ஆர்கன் வாசிக்க ஆரம்பித்தார்கள். எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்கள்.

நோரீன் இடப்பக்கத்திலிருந்து மேல்கோட்டை எடுத்தாள். லீட்டா உட்கார்ந்தாள். அம்மா அந்த மேல்கோட்டைத் தன் வலப்பக்கம், வெர்ல் உட்காரவேண்டிய இடத்தில், சுருக்கம் இல்லாமல் விரித்துப் போட்டாள்.