ருக்ஸானா, கணவர் பெயர் அசார்

முதல் முறை பெயர் கூப்பிட்டபோது ஃபஹீமா எழுந்திருக்கவில்லை. சிஸ்டர் அருள்மேரி டாக்டர் அறையின் ஸ்பிரிங் கதவை இடுப்பால் தள்ளிப் பிடித்தபடி, “ருக்ஸானா... ருக்ஸானா அசார்...” என்று இரண்டாம் முறையும் கூப்பிட்டாள். பெஞ்சில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபஹீமா வாசலைப் பார்த்தாள். மாதாமாதம் அப்படித்தான் பார்ப்பாள். வெளியே ஆடி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்திலிருந்து யாராவது மூச்சு வாங்க உள்ளே வந்து, இதோ வந்துட்டேன் சிஸ்டர் என்று சொல்லிவிட்டால் தன் பாடு தீர்ந்தது என்பதுபோல. யாரும் வரவில்லை. ஜிஎஸ்டி ரோட்டில் போன பஸ் ஒன்றின் நிழல் மட்டும் கண்ணாடிக் கதவில் ஏறி இறங்கியது.

“இன்னாம்மா, சொந்தப் பேரே மறந்து பூட்ச்சா? வூட்டுக்காரர் பேராவது நெனப்பு கீதா?” என்றாள் அருள்மேரி. பெஞ்சில் எல்லோரும் சிரித்தார்கள்.

ஜெய்னப் மகளின் முழங்கையை இடித்தாள். “போ, கூப்பிடுறாங்கல்ல.” சொன்னாளே தவிர அவள் ஃபஹீமாவைப் பார்க்கவில்லை. பாங்கு சொல்லி முடியும்வரை அசையாமல் இருப்பவள்போல, அந்தப் பெயர் காற்றில் அடங்கும்வரை தலையைச் சற்றுச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். உதடுகள் லேசாக அசைந்தன. ஃபஹீமா எழுந்தாள். அந்த நர்சிங் ஹோமின் நடை ஒடுக்கமானது. வயிற்றுப் பிள்ளைக்காரி யாராவது கடந்துபோனால் பெஞ்சில் இருப்பவர்கள் முட்டியைப் பக்கவாட்டில் மடக்கி வழிவிட வேண்டும். வரிசையாக முட்டிகள் மடங்கின. அக்காவுக்கும் இப்படித்தான் மடங்கியிருக்கும் என்று ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தோன்றும். அப்போது துணைக்கு வந்த ஃபஹீமாவும் இதே பெஞ்சில் முட்டியை மடக்கியிருக்கிறாள்.

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை இது ஆரம்பித்தது. நர்சிங் ஹோம் கைமாறியிருந்தது. பழைய டாக்டரம்மா மகனோடு வெளிநாடு போய்விட்டார். கவுண்டரில் அருள்மேரி, “வூட்டுக்காரர் பேரு?” என்று கேட்டாள். அங்கே ஃபைல்களைக் கணவர் பெயரில்தான் அடுக்கியிருந்தார்கள். ஜெய்னப் முந்திக்கொண்டு, “அசார். இரும்புலியூர், பள்ளிவாசல் பின்னாடி தெரு” என்றாள். அருள்மேரி அலமாரிக்குள் கையை விட்டு நீல அட்டை ஃபைல் ஒன்றை உருவித் தூசியைத் தட்டினாள். “பழைய ஃபைலே கீதே. அப்புறம் எதுக்குப் புதுசு? ருக்ஸானா தானே?” பிறகு ஜெய்னப்பின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மூன்று வயது நிஷாவைப் பார்த்தாள். “அடியே, நீதான் அப்போ வயித்துல இருந்தவளா? நார்மலா, ஆபரேஷனா?”

“நார்மல்” என்றாள் ஜெய்னப்.

அந்த ஒரு சொல்லில் பொய் இல்லை. நிஷாவைப் பெற்றவளுக்கு நார்மல்தான். அருள்மேரி, “நான் ஒரு மூஞ்ச பாத்தா மறக்கவே மாட்டேன். நீ அப்போ இன்னும் ஒல்லியா இருந்தே” என்று ஃபஹீமாவிடம் சொன்னாள். அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்தே ஒரு வருஷம்தான் ஆகிறது என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் அந்த நிமிஷம் ஃபஹீமா ஓரடி பின்னால் நகர்ந்தாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மூன்று வருஷமாகச் சுண்டிக்கிடந்த முகம் விளக்கேற்றினாற்போல் இருந்தது. மகளின் பெயரை ஒரு வெளியாள் சாதாரணமாக, உயிரோடு இருப்பவர்களைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு அவள் எத்தனை நாளாயிற்று! ஃபஹீமா வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டில் அன்று இதைச் சொன்னபோது அசார் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். குரோம்பேட்டையில் செருப்புக் கடை; கடையடைத்து வந்தால் பேச்சு குறைவு. பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்துகொண்டிருந்தான். அக்கா ருக்ஸானாவின் கணவனாக இருந்தபோதும் ஃபஹீமா அவனை மச்சான் என்றுதான் கூப்பிட்டாள், நிஷாவுக்கு மாற்றாந்தாய் வந்துவிடக் கூடாது என்று பெரியவர்கள் கூடி நிக்காஹ் முடித்துவைத்த பிறகும் மச்சான்தான். கூப்பிடும் சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அடுத்த மாதம் அவள் ஆஸ்பத்திரி போய் வந்த அன்று அவனாகவே கேட்டான்: “அவளுக்கு எப்டி இருக்காம்?”

எதிரில் உட்கார்ந்திருந்தவள் அவள். வயிறு அவளுடையது. ஆனாலும் அவள், “நல்லா இருக்காளாம்” என்றாள். அதற்குப் பிறகு எப்போதும் அப்படியே கேட்டான், அவளும் அப்படியே சொன்னாள்.

அம்மா மாங்காய் இஞ்சி ஊறுகாய் போட்டு அனுப்ப ஆரம்பித்தாள். அது ருக்ஸானாவுக்குப் பிடித்தது. ஃபஹீமாவுக்கு அந்த வாசனையே ஆகாது. ஒருநாள் மதியம் நிஷாவைத் தூங்கவைத்துவிட்டு வந்தவள், சமையலறைத் தரையில் சம்மணமிட்டு, பாட்டிலில் பாதியைத் தானே வழித்துத் தின்றுவிட்டிருந்ததைக் கண்டாள். விரல்களெல்லாம் மஞ்சள். நாக்கில் அந்தக் காரம் இனித்தது. தின்றது யார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

இன்று எடை பார்த்து, கையில் பட்டை சுற்றி பிரஷர் பார்த்து, அருள்மேரி ஃபைலை அவள் கையிலேயே கொடுத்துவிட்டாள். “டாக்டரம்மா ஸ்கேன் ரூம்ல கீறாங்க. வந்ததும் நீதான் மொத ஆளு. வச்சிகினு குந்து.” ஜெய்னப் நிஷாவைப் பாத்ரூமுக்கு அழைத்துப் போயிருந்தாள். மூன்று மாதத்தில் முதல் முறையாக ஃபைலும் அவளும் தனியாக இருந்தார்கள். ஃபஹீமா அட்டையைத் திறந்தாள்.

அக்காவின் வரிகள் முடிந்த இடத்துக்கு அடுத்த வரியிலேயே அவளுடையது ஆரம்பித்திருந்தது. நடுவில் ஒரு கோடுகூட இல்லை. 2003 பிப்ரவரிக்குக் கீழே 2006 மே. ஃபைலுக்கு ருக்ஸானா இறந்தது தெரியாது. பிரசவக் காகிதங்கள் வேறு ஃபைல் கட்டுக்குப் போய்விட்டன. இந்த ஃபைலைப் பொறுத்தவரை ஒரு பெண் மூன்று வருஷம் வராமலிருந்து திரும்ப வந்திருக்கிறாள், அவ்வளவுதான். ரத்த அளவு எழுதும் கட்டத்தில் அக்காவுக்குக் கடைசியாக எழுதியது ஏழு புள்ளி ஒன்பது. அதன்கீழ் ஃபஹீமாவின் எண்கள்: பத்து, ஒன்பதரை, எட்டு புள்ளி ஆறு. படியிறங்கி யாரையோ பார்க்கப் போவதுபோல அவை இறங்கிக்கொண்டிருந்தன. முதல் பக்கத்தில், மேல் மூலையில், சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் ரத்த வகை: ஓ பாசிடிவ்.

ஃபஹீமா தன் இடது மோதிர விரலைப் பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நண்பகலில், இதே நடையில், லேப் ஆள் ஒருவன் அந்த விரலில்தான் ஊசியால் குத்தினான். உள்ளே நிஷா பிறந்து அழுதுகொண்டிருந்தாள்; ருக்ஸானாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. பெற்ற அத்தா, அசார், ஃபஹீமா மூவரையும் வரிசையாக நிறுத்திக் குத்திப் பார்த்தார்கள். “இந்தப் பொண்ணுக்கு பி நெகட்டிவ். சேராது” என்று அவன் சொன்னான். யாருடையதும் சேரவில்லை. வெளியில் ரத்தம் வாங்கப் போன அத்தா, ரயில்வே கேட் போட்டிருந்ததில் மாட்டி, ஐஸ் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பி வந்தபோது ருக்ஸானாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய வேன் கிளம்பிவிட்டிருந்தது. பல்லாவரம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் பக்கத்தைப் புரட்டினாள். அது அங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மூன்று மாதமாக அவள் இந்த ஃபைலைக் கேட்டு வாங்காமலிருந்ததே அதனால்தான். பழைய டாக்டரம்மாவின் சாய்ந்த கையெழுத்தில், இங்கிலீஷில் நாலு வரி. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, ரத்தம் குறைவு, ரத்த வங்கி உள்ள ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்க வேண்டும், குடும்பத்தாருக்கு விளக்கிச் சொல்லப்பட்டது. அதன்கீழே, பிளஸ் டூ முடித்த பெருமை மாறாத உருண்டை எழுத்தில் ஒரு கையெழுத்து: ஃபஹீமா, தங்கை.

அதை எழுதிய அன்று டாக்டரம்மா அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இங்கிலீஷ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மளமளவென்று சொல்லிவிட்டு, “எக்ஸ்ப்ளெய்ன் பண்ணிடு வீட்ல” என்றார். எல்லாம் அவளுக்குப் புரிந்தது. புரிந்தது என்பதுதான் இத்தனை வருஷமாகத் தொண்டையில் நிற்கிறது. வெளியே வந்தபோது ருக்ஸானா பயந்த கண்களோடு, “இன்னாடி சொன்னாங்க?” என்று கேட்டாள். பெரிய ஆஸ்பத்திரி என்றாலே அக்காவுக்கு நடுக்கம். அங்கே ஆண் டாக்டர்கள் என்று அம்மாவுக்கு நடுக்கம். இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே, வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்தாள் ஃபஹீமா.

“ரத்தம் கம்மியாம். பேரீச்சம்பழம் சாப்பிடணுமாம்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

ருக்ஸானா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க அன்று மனம் வரவில்லை. மறுநாள் வீட்டில் விருந்தாளிகள் வந்தார்கள். அதற்கு மறுநாள் வேறென்னவோ. ஐந்தாம் நாள் காலையில் வலி வந்துவிட்டது, பக்கத்திலிருக்கும் நர்சிங் ஹோமுக்கே ஓடினார்கள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அக்காவின் வீட்டில், அக்காவின் பாத்திரத்தில் சமைத்து, அக்காவின் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டு சொல்லாமலே இருந்தாள்.

“ருக்ஸானா, உள்ள வா” என்று அருள்மேரி கதவைத் தள்ளினாள். ஜெய்னப்பும் நிஷாவும் வந்துவிட்டிருந்தார்கள். மூவரும் உள்ளே போனார்கள்.

டாக்டர் சரளா நாற்பது வயதுக்காரர், வேகமானவர். ஃபைலைத் திறந்து முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார். “வாங்க ருக்ஸானா. செகண்ட் பேபி, ஃபர்ஸ்ட் நார்மல், ஓ பாசிடிவ். பிளட் கொஞ்சம் கம்மி, டானிக் தரேன். ஸ்கேன் நல்லா இருக்கு. இதுவும் இங்கயே நார்மலா ஆயிடும், கவலையே படாதீங்க.”

ஜெய்னப் நிம்மதியோடு தலையாட்டினாள். ஃபஹீமாவின் வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. மேஜையில் திறந்திருந்த ஃபைல் மின்விசிறிக் காற்றில் ஒரு தாளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இப்போது பேசினால் அம்மாவுக்கு மகள் இரண்டாம் முறை சாவாள். பேசாவிட்டால், நாளை வலி கண்டு கிடக்கும்போது இந்தச் சிவப்பு எழுத்தை நம்பி யாருடைய ரத்தத்தையோ அவளுக்குள் ஏற்றுவார்கள்.

“டாக்டர், அது என் ரத்தம் இல்ல.”

“எது?”

“ஓ பாசிடிவ். அது எங்கக்காவோடது. இந்த ஃபைலே அவளோடது. நான் ஃபஹீமா. ருக்ஸானா மௌத்தாயி மூணு வருஷமாச்சு. இந்தப் புள்ளயப் பெத்த அன்னிக்கே.”

டாக்டரின் பேனா அப்படியே நின்றது. ஜெய்னப் மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். “பேரு மாறிப்போச்சு டாக்டரம்மா, அதுக்கென்னா இப்போ... கூப்பிட்டா கூப்பிட்டுட்டுப் போறாங்க.”

“பேரு மட்டும் மாறலம்மா” என்றார் டாக்டர் மெதுவாக.

“எனக்கு பி நெகட்டிவ்” என்றாள் ஃபஹீமா. “இது எனக்கு முதல் பிள்ளை. எனக்கு என்னென்ன ஆபத்து, எங்கெங்க பெத்துக்கலாம், எல்லாத்தையும் சொல்லுங்க டாக்டர். என்கிட்ட இங்கிலீஷ்ல சொல்லாதீங்க. எங்கம்மா முன்னாடி, தமிழ்ல, நிதானமா சொல்லுங்க.”

டாக்டர் ஃபைலை மூடித் தள்ளிவைத்தார். நாற்காலியை ஜெய்னப்பின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். முதலில் இன்றைக்கே ரத்தம் எடுத்து வகையை உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றார். நெகட்டிவ் ரத்தத் தாய்க்குப் பாசிடிவ் பிள்ளை இருந்தால் என்ன ஆகும், ஏழாம் மாதத்தில் போடும் ஊசி எதற்கு, பிள்ளை பிறந்த பிறகு மறுபடி ஏன் போட வேண்டியிருக்கும் என்று சொன்னார். அரிதான ரத்தம், கொடுக்கக்கூடியவர்களை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார். “இங்கயும் பெத்துக்கலாம்மா. ஆனா இங்க ரத்தம் கிடையாது, வெளிய போய்த்தான் வாங்கணும். எழும்பூர், செங்கல்பட்டு மாதிரி பெரிய ஆஸ்பத்திரின்னா அங்கயே இருக்கும். ரெண்டையும் யோசிங்க. முடிவு உங்களோடது.”

ஜெய்னப் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “பெரிய ஆஸ்பத்திரில ஆம்பள டாக்டரு இருப்பாங்களா?”

“இருக்கலாம். லேடி டாக்டர் வேணும்னு கேக்கலாம். கிடைக்கும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“யாரா இருந்தாலும் சரிம்மா, நான் அங்கதான் போறேன்” என்றாள் ஃபஹீமா.

ஜெய்னப் நிஷாவின் கவுனில் கழன்றிருந்த கொக்கியை மாட்டினாள். மாட்டியதைக் கழற்றி மறுபடி மாட்டினாள். பிறகு, டாக்டரைப் பார்க்காமல், மகளையும் பார்க்காமல் கேட்டாள்: “அவளுக்கும் இப்பிடி எல்லாம் சொன்னாங்களா?”

ஃபஹீமா மேஜையிலிருந்த நீல அட்டையைப் பார்த்தாள்.

“சொன்னாங்கம்மா.”

“யார்கிட்ட?”

“என்கிட்ட.”

கொக்கியின் மேலிருந்த விரல்கள் நின்றன. ஜெய்னப் எழுந்து, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஸ்பிரிங் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

ரத்தம் கொடுத்துவிட்டு ஃபஹீமா நடைக்கு வந்தபோது அம்மா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போயிருக்கவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. அதில் உட்காரத் துணிச்சல் வராமல், அதைத் தாண்டி அந்தப் பக்கம் உட்கார்ந்தாள் ஃபஹீமா. கவுண்டரில் அருள்மேரி முணுமுணுத்துக்கொண்டே புது ஃபைல் ஒன்றில் ஃபஹீமா என்று எழுதினாள். நீல அட்டையை என்ன செய்வது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. வேறு ஏதோ ஃபைல்களோடு சேர்ந்து அது டாக்டர் மேஜைக்கே திரும்பப் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. வேலைக்குப் புதிய பெண் ஒருத்தி ஃபைல் கட்டில் மேலாக இருந்ததை எடுத்துப் படித்தாள். “ருக்ஸானா. ருக்ஸானா அசார்.”

யாரும் எழுந்திருக்கவில்லை. ஃபஹீமா பெஞ்சின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் கதவைப் பிடித்தபடி, நடையின் மறுகோடியைப் பார்த்து இன்னொரு முறை கூப்பிட்டாள். அப்போது ஜெய்னப் மெல்ல அசைந்தாள். எழுந்திருக்கத்தான் போகிறாள் என்று ஃபஹீமா நினைத்தாள். ஜெய்னப் எழவில்லை. மடியிலிருந்து சரிந்த நிஷாவின் கால்களைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு, நிறைவயிற்றோடு யாரோ கடந்துபோவதற்கு இடம் விடுவதுபோல, தன் முட்டிகள் இரண்டையும் பக்கவாட்டில் மடக்கிக்கொண்டு, அப்படியே இருந்தாள்.