உள்ளே போட்டிருந்த பனியன்

கையில் கிரீஸ் இருக்கலாம், சட்டையில் கசங்கல் இருக்கக்கூடாது. இது குருவியின் கொள்கை.

ஆள் சின்னதாக இருப்பாள். மெஷினுக்கு மெஷின் தத்தித் தாவுவாள். அதனால் அலுவலகத்தில் வைத்த பெயர் அது. எம்பிராய்டரி மெஷின் விற்கும் கம்பெனி. டிப்ளமோவில் நல்ல மார்க் வாங்கியவளை உதிரிபாகக் கவுண்டரில் உட்கார வைத்திருந்தார்கள். வெளியூர் போய் மெஷின் பொருத்துவதெல்லாம் ஆண்கள் வேலை. எனக்கும் கொடுங்கள் என்று அவள் கேட்கும்போதெல்லாம் மேனேஜர், "பாக்கலாம்மா" என்பார். அந்த ஒரு வார்த்தையை வைத்தே பல வருஷம் ஓட்டிவிட்டார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் தானே கவுண்டருக்கு வந்து நின்றார். கடல் தாண்டி ஒரு ஊர். பேச்சு தமிழ்தான், வெயில் கொளுத்துகிற ஊர். கட்டுப்பாடும் அப்படியே. பெண்கள் வெளியே போட்டுக்கொள்ளும் நீள அங்கிகளைத் தைக்கும் கூடம், உள்ளே முழுக்கப் பெண்கள். ஆண் வாடை படக்கூடாது. மெஷின் போய் இறங்கிவிட்டது, பொருத்த ஆளில்லை.

"நீ போறியாம்மா?"

"பாக்கலாம் சார்" என்றாள் குருவி.

மேனேஜர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சொதப்பாம முடிச்சிட்டு வா. இனிமே எல்லா ஊருக்கும் நீதான். சொதப்பினா, பொம்பளைய அனுப்பினா இப்படித்தான்னு சொல்ல இங்க ஆள் காத்துக்கிட்டிருக்கு. அப்புறம் நானே நெனச்சாலும் உன்னை கவுண்டர்லேர்ந்து எழுப்ப முடியாது."

போவது முடிவாகிவிட்டது. எதைப் போட்டுக்கொண்டு போவது என்பதுதான் வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது.

மணிக்கட்டு வரை, கணுக்கால் வரை, தலையும் மூடியிருக்க வேண்டும். குருவிக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. போன மாதம் அவளே தைத்த ஒரு நீள உடுப்பு இருந்தது. கிளிப்பச்சைப் பருத்தி. தொளதொளவென்று, கை முழுக்க, மணிக்கட்டில் பட்டன். வெயிலுக்கும் ஆயிற்று, மரியாதைக்கும் ஆயிற்று, பார்க்கவும் லட்சணம். அதை மடித்துப் பெட்டியில் வைத்தபோது நாத்தனார் உள்ளே வந்தாள்.

நாத்தனார் எந்த ஊருக்கும் போனதில்லை. எல்லா ஊரும் அவளுக்கு அத்துப்படி. ஃபோனில் வீடியோ பார்ப்பாள்.

"கிளிப்பச்சையா? போன எடத்துல எவனாவது வாயத் தொறந்தா உன் மானம் மட்டுமா போகும்? எங்க தம்பி மானமும் சேர்ந்து போகும். அங்கெல்லாம் கறுப்புதான். தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஒரே கறுப்பு."

"இல்ல அண்ணி, நான் விசாரிச்சேன். அப்படியெல்லாம் இல்லைன்னு..."

"நீ யார்கிட்ட விசாரிச்ச? நான் கண்ணால பாத்திருக்கேன்."

அன்று சாயங்காலமே எங்கிருந்தோ ஒரு கறுப்பு அங்கியும் கறுப்புத் துப்பட்டாவும் வாங்கி வந்துவிட்டாள். பாலியஸ்டர். அளவு நாத்தனாருடையது. குருவி அதைப் போட்டுக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றதும் அவள் கணவன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"உள்ள இன்னொரு குடும்பம் வாடகைக்கு இருக்கலாம் போல."

"சும்மா இருங்க. அண்ணி, உள்ள என்ன போடறது? இதுவே வேகுது."

"அதான் மேல மூடியாச்சே. உள்ள என்ன போட்டா யாரு பாக்கப் போறா? காத்தோட்டமா எதையாவது போடு."

அது மட்டும் நியாயமாகப் பட்டது. குருவி கிளிப்பச்சையை எடுத்து அலமாரியில் திருப்பி வைத்தாள். கணவனின் பழைய பனியன்களைப் பெட்டியில் அடுக்கினாள். வீடு கட்டும்போது கம்பி வாங்கிய கடையில் இனாமாகக் கொடுத்தவை. நெஞ்சில் கொட்டை எழுத்தில் 'முறுக்குக் கம்பி. வளையும், உடையாது' என்று போட்டிருக்கும். துவைத்துத் துவைத்து வலைபோல ஆகியிருந்தன. காற்றோட்டத்துக்குக் குறைவில்லை.

விமானத்திலிருந்து இறங்கியதும் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. வேன் ஓட்டுநர் ரோட்டைப் பார்த்தபடியே வணக்கம் சொன்னார், ரோட்டைப் பார்த்தபடியே வழி சொன்னார். குருவி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

தெருவில் போன பெண்கள் எல்லோரும் மூடித்தான் இருந்தார்கள். ஆனால் ஒரே கறுப்பு எங்கேயும் இல்லை. காப்பிக்கொட்டை நிறம், சாம்பல், கருநீலம். மெல்லிசான துணி, நடக்க நடக்க அலையடித்தது. அங்கிக்கு ஏற்ற தலைத்துணி, அதற்கு ஏற்ற செருப்பு, கைப்பை. ஒருத்தி வெள்ளையில் சாலையைக் கடந்தாள். வெயிலே அவளுக்கு வழி விட்ட மாதிரி இருந்தது. அவர்களுக்கு நடுவில் குருவி ஒருத்திதான் மழைக்கு மூடி வைத்த ஸ்கூட்டர் மாதிரி இருந்தாள்.

கூடத்தின் வாசலில் இருந்த காவல்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சுத்தம் பண்ற வேலைக்கா? பின்பக்கமா போம்மா, வாளியெல்லாம் அங்கதான் இருக்கு."

"மெஷின் பொருத்த வந்திருக்கேன்."

"நீயா?" என்றாள் காவல்காரம்மா. அதுவே போதுமாக இருந்தது.

உள்ளே போனதும்தான் நிஜமான அடி. சுவர் நெடுக ஆணிகள். வேலைக்கு வந்த பெண்கள் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்கள். அங்கிக்குள்ளிருந்து மஞ்சள் வந்தது, குங்குமச் சிவப்பு வந்தது, பூப்போட்ட பாவாடை வந்தது, காதில் ஆடுகிற லோலாக்கு வந்தது. ஒருத்தி உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டாள். கல்யாண வீட்டில் நுழைந்த மாதிரி இருந்தது.

கூடத்தை நடத்துகிறவளை எல்லோரும் பெரியக்கா என்றார்கள். நரையை மறைக்காத ஐம்பது வயதுக்காரி, ஊதா நிறத்தில் வந்தாள்.

"கழட்டி மாட்டிக்கோம்மா. இங்க ஆம்பளைங்க யாரும் வர மாட்டாங்க."

குருவியின் கை தானாகக் கழுத்துப் பட்டனைப் பிடித்துக்கொண்டது. உள்ளே பேன்ட்டுக்கு மேல் முறுக்குக் கம்பி.

"பரவால்லக்கா. எனக்கு... கொஞ்சம் குளிருது."

அந்த ஊரில் அப்படிச் சொன்ன முதல் மனுஷி அவளாகத்தான் இருப்பாள். வியர்வை மூக்கு நுனியில் சொட்டுப்போட்டு நின்றது. பெரியக்கா அதைப் பார்த்தாள்.

குருவி வேலையில் இறங்கினாள். எந்த ஊரானாலும் முதல் பாடம் ஒன்றுதான். "தொங்கற துணி எதுவும் மெஷின் பக்கத்துல வரக்கூடாது. துப்பட்டா, தலைப்பு, அகலக் கை, எதுவும். பின்னாடி ஒரு தண்டு சுத்துது பாருங்க, அது பிடிச்சா விடாது."

பெண்கள் தங்கள் தங்கள் துணியைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். எல்லோரிடமும் ஏதோ ஒன்று தொங்கியது. கூட்டத்தில் ஒருத்தி வாய் சும்மா இருக்காது என்பதால் பெயரே வாயாடி. அவள் கேட்டாள்: "அப்ப நீங்க போட்டிருக்கறது, டெக்னீஷியனம்மா? அது பறந்து வந்து எங்க மேலயே விழுது."

"நான் பழகினவ."

சொல்லும்போதே அது பொய் என்று குருவிக்குத் தெரியும். பழகியது பேன்ட் சட்டையில். பின்மூடியைக் கழற்றி, ஊசியும் நூலைப் பிடிக்கும் கொக்கியும் சந்திக்கிற இடத்தைச் சரிபார்க்க மெஷினை மெதுவாக ஓடவிட்டுக் குனிந்தாள். துப்பட்டாவின் நுனி தோளிலிருந்து நழுவியது. தண்டு அதை அழகாகச் சுருட்டிக்கொண்டது. அடுத்த நொடி அவள் தலை மெஷினை நோக்கி இழுபட்டது.

சிவப்புப் பொத்தானை அறைந்தவள் வாயாடி. துணி கிழிகிற சத்தம் கேட்டது. மெஷின் நின்றது.

குருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான். பெரியக்கா வந்து அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு போய் மெயின் சுவிட்சையே அணைத்தாள்.

"மெஷினைத் திருப்பி அனுப்பிடலாம்மா. கத்துக்குடுக்க வந்தவளையே இழுக்குது. நாளைக்கு என் பிள்ளைங்கள்ல ஒருத்திய இழுத்தா, அவ வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

குருவிக்குக் கவுண்டர் கண்முன் வந்தது. அதன் கண்ணாடி, அதன் பின்னால் சுழல்கிற நாற்காலி, 'பாக்கலாம்மா'. மெஷின் மேல் பழியைப் போட்டால் அவள் தப்பிக்கலாம், மெஷின் தப்பிக்காது. மெஷின் திரும்பிப் போனால் அவளும் கூடவே போகவேண்டியதுதான்.

"மெஷின் மேல தப்பில்லக்கா. எல்லாருக்கும் சொன்னதை நான் செய்யல. இதைக் கழட்டியிருக்கணும்."

"ஏன் கழட்டல?"

குருவி பட்டன்களைக் கழற்றி, அங்கியை அப்படியே காலடியில் விட்டாள்.

கூடம் அவளையே பார்த்தது. வாயாடி கிட்டே வந்து, குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். "முறுக்குக் கம்பி. வளையும், உடையாது."

முதலில் ஒருத்தி முந்தானைக்குள் சிரித்தாள். பிறகு யாரும் முந்தானையைத் தேடவில்லை. ஒருத்தி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெரியக்கா உதட்டை இறுக்கிக்கொண்டு பார்த்தாள், முடியவில்லை.

"ஏம்மா, உனக்கு வேற துணியே இல்லையா?"

"நிறைய இருக்குக்கா. கிளிப்பச்சைல நானே ஒண்ணு தெச்சேன். அதை வீட்ல வெச்சிட்டு வந்துட்டேன். இந்த ஊரைப் பத்தி ரொம்ப பயமுறுத்திட்டாங்க."

"யாரு?"

"எங்க நாத்தனார்."

"அவங்க இங்க இருந்தவங்களா?"

"இல்ல. வீடியோ பாத்தவங்க."

இன்னொரு சுற்றுச் சிரிப்பு. "எல்லா ஊர்லயும் இருக்காங்கப்பா" என்றாள் வாயாடி. "எங்க வீட்ல ரெண்டு இருக்கு."

பெரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெளியில போடறது ஊருக்கு. உள்ள போடறது நமக்கு. உனக்குன்னு ஒண்ணுமே எடுத்துட்டு வரலியே நீ." பிறகு குரல் இறுகியது. "சிரிச்சது சிரிச்சோம். பயம் போகல. எங்க உடுப்பும் எல்லாம் தொங்கறதுதான். சிலர் உள்ளயும் தலைத்துணிய எடுக்க மாட்டாங்க, அது அவங்க இஷ்டம். மெஷினும் இழுக்கக் கூடாது, தெருவுல போனா யாரும் குறை சொல்லவும் கூடாது. அப்படி ஒரு உடுப்பு காட்டு. மெஷின் இருக்கட்டும்."

குருவி பனியனோடு நிமிர்ந்தாள். "துணி குடுங்கக்கா."

கூடத்தில் துணிக்கா பஞ்சம்? கருநீலத்தில் மெல்லிய பருத்தி ஒன்றை அவளே தொட்டுப் பார்த்து எடுத்தாள். வெட்டும் மேசையைச் சுற்றி ஆளாளுக்கு வாய் திறந்தார்கள். நீளம் முழங்காலுக்குக் கீழே, அடியில் பேன்ட். சைடில் வெட்டு விட்டால் உட்கார எழ வசதி, ஆனால் கால் தெரியும் என்றாள் ஒருத்தி. வெட்டுக்கு உள்ளே மடிப்பு வைத்தால் விரியும், திறக்காது என்றாள் இன்னொருத்தி. இடுப்பு கொஞ்சம் தெரியட்டுமே என்றாள் வாயாடி. பெரியக்கா முறைத்தாள். குருவி முதுகுப்பக்கம் மட்டும் ஒரு பட்டை வைத்தாள். முன்னால் தொளதொளப்பு, பின்னால் ஒரு பிடி. இரண்டு பேருக்கும் வாய் அடைத்தது. தலைத்துணிக்கு நுனியே இல்லாமல், பின்கழுத்தில் பட்டன் போட்டு மூடுகிற மாதிரி தைத்தார்கள். ஸ்க்ரூ டிரைவருக்குத் தொடையோரம் ஒரு பை.

அவர்கள் தைத்துக்கொண்டிருந்த நேரத்தில் குருவி முறுக்குக் கம்பியோடு மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊசியையும் கொக்கியையும் சரி செய்து முடித்தாள். அந்த வேலைக்கு அந்தப் பனியனைவிட வசதியான உடுப்பு அமைந்ததில்லை.

மணிக்கட்டில் பட்டன் போடும் கைப்பட்டிகளை மட்டும் மூட்டாமல் வைக்கச் சொல்லியிருந்தாள். அவற்றை மெஷினின் ஃப்ரேமில் பூட்டினாள். "நூல் என்ன நிறம்?" என்றாள் வாயாடி.

"கிளிப்பச்சை."

பெரியக்கா தானே போய் மெயின் சுவிட்சைப் போட்டாள். போட்ட இடத்திலேயே நின்றாள். ஊசிகள் இறங்கின. கருநீலத்தின் மேல் ஒரு கொடி பிறந்து, இலை விட்டு, சுருண்டு, பட்டியின் ஓரத்தில் போய் நின்றது. ஒரு நூல் அறுபடவில்லை. பட்டிகளை மூட்டி முடித்ததும் குருவி போய் மாற்றிக்கொண்டு வந்தாள்.

பெரியக்கா அவளைக் குனியச் சொன்னாள், உட்காரச் சொன்னாள், கையைத் தூக்கச் சொன்னாள். சுழல்கிற தண்டுக்கு மேல் சாயச் சொல்லிவிட்டுத் தன் விரலைப் பொத்தான் மேலேயே வைத்துக்கொண்டாள். தொங்க ஒன்றும் இல்லை. தண்டு தன் பாட்டுக்குச் சுற்றியது.

"உள்ள சரி. இப்ப வெளியில. கடை முனை வரைக்கும் போய்ட்டு வா. வாயாடி, நீயும் போ. யாரு என்ன சொன்னாலும் அப்படியே வந்து சொல்லணும்."

வெயில் சாய்ந்திருந்தது, சூடு சாயவில்லை. ஆனால் துணிக்குள் காற்று வந்தது. கைப்பட்டியிலிருந்து நுழைந்து முதுகு வரை போனது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து குருவி அப்போதுதான் ஒழுங்காக மூச்சு விட்டாள். டீக்கடையில் நின்ற ஆண்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தங்கள் பேச்சுக்குத் திரும்பினார்கள். ஒரு கிழவர் ஒதுங்கி வழி விட்டார்.

கடை முனையில் சாம்பல் நிற அங்கி போட்ட ஒரு பெண் அவர்களைத் தாண்டிப் போனாள். நின்றாள். திரும்பி வந்தாள். குருவி வாயாடியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் அந்தப் பெண். அவள் கண் கைப்பட்டியில் இருந்தது. "நான் ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்கறேன். நாள் பூரா கையை மடிச்சு விட்டே ஓயுது. இதை எங்க வாங்கினீங்க?"

குருவி வாயைத் திறப்பதற்குள் வாயாடி முந்திக்கொண்டாள். "இன்னும் கடைக்கு வரலக்கா. அடுத்த வாரம் எங்க கூடத்துக்கு வாங்க. நிறம் மட்டும் யோசிச்சு வைங்க."

கூடத்துக்குத் திரும்பியதும் வாயாடி நடந்ததைச் சொன்னாள். அப்படியே சொல்லவில்லை, ரெண்டு பேர் கேட்டதாகச் சொன்னாள். பெரியக்கா குருவியின் முகத்தைப் பார்த்தாள். குருவி ஒரு விரலைக் காட்டினாள். "ஒண்ணு போதும்" என்று சொல்லிவிட்டுப் பெரியக்கா ஃபோனை எடுத்தாள்.

"மேனேஜருங்களா? மெஷின் ஓடுது. மாடியில இன்னொரு கூடம் இருக்கு, அதுக்கும் ஒண்ணு அனுப்புங்க. பொருத்த இதே பொண்ணுதான் வரணும்." எதிர்முனையில் ஏதோ சொன்னார்கள். பெரியக்காவின் புருவம் ஏறியது. "என்னத்த பாக்கறது? நாங்க பாத்தாச்சு."

குருவி சிரிப்பை அடக்க ஆணிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்குப் பேசினபோது கணவன் முதலில் கேட்டது, சாப்பிட்டாயா என்று. இரண்டாவதாக, "அந்தக் கறுப்பு டெண்ட் எப்படி இருக்கு?"

"கிழிஞ்சிடுச்சுங்க. அண்ணிகிட்ட நான் சொல்லிக்கறேன். அடுத்த தடவை வரும்போது பச்சையை எடுத்துட்டு வரேன்."

"அடுத்த தடவையா?"

"ஆமா."

"சரி, என் பனியன்?"

குருவி திரும்பிப் பார்த்தாள். வேலை முடிந்து எல்லோரும் அங்கியை மாட்டிக்கொண்டிருந்தார்கள். தூசி படாமல் இருக்க மெஷினின் கம்ப்யூட்டர் பெட்டிக்கு வாயாடி அந்தப் பனியனைப் போட்டு மூடியிருந்தாள், எழுத்து வெளியே தெரிகிற மாதிரி.

"அது இனிமே இங்கதாங்க" என்றாள்.