சிலாயிங் ஏற்றத்தில் நின்ற கல்யாணக் கார்

மலைச்சாலையின் சிலாயிங் ஏற்றத்தில் பாதி ஏறியதும் காருக்கு மூச்சு வாங்கியது. ரோஸ்னியார் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துப் பார்த்தாள். வண்டி நடைவேகத்துக்கு மேல் போக மறுத்தது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடிக்க, சாலையோர அருவிக்குச் சற்றுக் கீழே ஓரமாக ஒதுக்கி நிறுத்தினாள்.

வேறு நாளாக இருந்தால் எஞ்சின் ஆறும்வரை உட்கார்ந்திருப்பாள். இன்று அவள் தங்கை வெல்மிக்குக் கல்யாணம். மாப்பிள்ளையைப் பரியாமானிலிருந்து பாடாங் பாஞ்சாங்கில் இருக்கும் பெண் வீட்டுக்கு அழைத்து வரும் பொறுப்பு அவளுக்கும் தாய்மாமன் பஸ்ரிக்கும். உறவுக்காரர்களை அடைத்துக்கொண்டு வந்த வேன்கள் முன்னாலேயே ஏறிப் போய்விட்டன. எஃப்ரினால் என்ற அந்த மாப்பிள்ளை சிவப்புப் பட்டும் சரிகைத் தலைப்பாகையுமாகப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

"இந்த டப்பாவ எடுக்காதேன்னு நேத்தே சொன்னேன்" என்றார் பஸ்ரி.

"ஃபில்டர் மாத்தியாச்சு மாமா. இதுக்கு மேல டீசல் பம்ப்பத்தான் மாத்தணும்கறாங்க பட்டறைல. அதுக்கு ஆகுற செலவுக்கு நான் வண்டியையே வித்துடலாம்."

அந்தக் காரில் வாடகைக்கு ஆளேற்றித்தான் அவள் பிழைப்பு ஓடியது.

"மணல் லாரி ஒண்ணு வருது. கைகாட்டவா?" என்றார் பஸ்ரி.

"மாப்பிள்ளைய மணல் மேல உட்கார வச்சா கொண்டுபோவீங்க? ஊரே சிரிக்கும்."

போன் அடித்தது. வெல்மி. அக்காவை 'உனி' என்றுதான் கூப்பிடுவாள்.

"உனி, எங்க இருக்கீங்க? வேன் ரெண்டும் வந்தாச்சு. எல்லாரும் வாசலையே பாத்துட்டிருக்காங்க. அவரு வர்றாருல்ல?"

"பின்சீட்ல பத்திரமா இருக்காருடி. வண்டிதான் கொஞ்சம் முரண்டு பிடிக்குது."

போனை வைத்ததும், பரியாமானில் ஏறியதிலிருந்து வாய் திறக்காத மாப்பிள்ளை பேசினான். "உனி, பானெட்டைக் கொஞ்சம் திறங்க."

இவனைத்தான் அவள் வெல்மியிடம் 'சரியான ஊமைக்கோட்டான்' என்று சொல்லியிருந்தாள். தெலுக் பாயூர் துறைமுகத்தில் இழுவைக்கப்பல் எஞ்சின் பார்க்கிறவன் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

காரின் கோளாறைப் போனில் காட்டும் கருவி ஒன்று அவளிடம் இருந்தது. மாட்டிக் கொடுத்தாள். எஞ்சின் சக்தி குறைக்கப்பட்டது என்று வழக்கம்போலக் காட்டியது. எஃப்ரினால் அதோடு விடவில்லை. எண்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான்.

"தண்ணி சூடு தொண்ணூறு, சரி. டீசல் சூடு நூத்தி முப்பதுன்னு காட்டுது. உனி, இந்த டீசல் குழாயத் தொடுங்க."

"சுடாதா?"

"லேசாத் தொட்டுப் பாருங்க."

விரல் நுனியால் தொட்டாள். பிறகு முழுக் கையால் பிடித்தாள். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

"நூத்தி முப்பதுன்னா கை வெந்துபோயிருக்கும். டீசல் கொதிக்குதுன்னு சென்சார் பொய் சொல்லுது. அத நம்பி வண்டி பயந்துபோய் சக்தியக் குறைக்குது. பம்ப் பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"வயர்ல கோளாறா இருக்கக்கூடாதா?" என்றார் பஸ்ரி, மாப்பிள்ளையின் சரிகைச் சட்டைக் கையை அழுக்குப் படாமல் தூக்கிப் பிடித்தபடி.

"இருக்கலாம் மாமா. பாத்துடுவோம்."

சென்சாரின் பிளக்கைக் கழற்றினான். போனில் எண் சடாரென்று விழுந்து மைனஸ் நாற்பதில் நின்றது.

"வயர் எங்கயாச்சும் உரசிக்கிட்டிருந்தா, கழட்டினப்புறமும் நூத்தி முப்பதுலயேதான் நிக்கும். சென்சார் இல்லாதப்ப காட்ட வேண்டிய எண்ணத்தான் காட்டுது, வயர் நல்லாத்தான் இருக்கு. குத்தம் சென்சார் மேலதான்."

"இப்ப என்ன பண்றது?"

"கழட்டினபடியே விட்டுடலாம். சென்சாரே இல்லைன்னு தெரிஞ்சா நிறைய வண்டி தானா ஒரு கணக்கு வச்சுக்கிட்டு ஓடும். இது ஓடுமான்னு ஏறிப் பாத்தாத்தான் தெரியும். மஞ்சள் விளக்கு எரியும். எரிஞ்சுட்டுப் போகட்டும்."

அருவிச் சாரல் படாதபடி பிளக்கில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டினான்.

ரோஸ்னியார் சாவியைத் திருப்பினாள். விளக்கு எரிந்தது. முதல் கியர், இரண்டாவது. மெதுவாக மிதித்தாள். முதுகை யாரோ தள்ளுவது போலக் கார் முன்னே பாய்ந்தது. அருவி வளைவில் மூன்றாவது கியர் போட்டபோதுதான், தான் இவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததை உணர்ந்தாள். தாடை வலித்தது. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது.

"திங்கக்கிழமை புது சென்சார் வாங்கிட்டு வர்றேன் உனி. சின்ன சாமான்தான்" என்றான் பின்சீட்டிலிருந்து.

"கல்யாணமாகி ரெண்டாம் நாளே வேலையா? வெல்மி என்னக் கொன்னுடுவா."

பாடாங் பாஞ்சாங்கில் வீட்டு வாசலில் மேளம் முழங்கியது. மாப்பிள்ளையின் சரிகைக் கையில் கறுப்பாக ஒரு தீற்றல் இருந்ததை வெல்மி மட்டும் பார்த்தாள். அவன் எதையோ அவள் காதில் சொல்ல, குனிந்த தலையோடு சிரித்தாள். "வயரான்னு நான்தான் மொதல்ல கேட்டேன்" என்று பஸ்ரி கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் உள்ளே போன பிறகும் ரோஸ்னியார் ஸ்டியரிங்கில் கைவைத்தபடி சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். இனி இந்த வண்டியை விற்க வேண்டாம். சமையல் பக்கமிருந்து ரெண்டாங் கறியின் வாசனை வந்தது. காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வர, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கினாள்.