யாத்ரங்காவின் நன்றிக்கல்

இலையுதிர்காலத்து நண்பகல் வெயில் ஓட்டுக் கூரைகளின்மேல் பொன்பூசி இறங்க, கீழ்நகரில் தண்டவாள வண்டிகள் மணியொலித்து ஓட, ஸாக்ரெப் மாநகரின் மேல்நகருக்கு ஏறும் சரிவுத் தெருவின் தலைப்பில், பன்னூறு ஆண்டுப் புகை படிந்து நின்றது கல்வாயில். பகைவரைத் தடுப்பதற்கென்று எழுந்த அவ்வாயில் இக்காலத்தில் எவரையும் தடுப்பதில்லை; ஆயினும் அதன் வளைவினுள் அடியெடுத்து வைத்த அளவிலே உரக்கப் பேசிவந்தோர் குரல் தாழ்த்துவர், தொப்பி அணிந்தோர் கழற்றுவர், கடைக்கு விரைவோரும் ஒருகணம் நின்று சிலுவைக் குறியிட்டுச் செல்வர். உள்ளே, இரும்புக் கம்பியழிக்குப் பின்னே, பண்டு வாயிலை எரித்த தீயில் வேகாது மிஞ்சிய தேவ அன்னையின் திருவோவியம், எதிரே மெழுகுதிரிகள், சுவரெங்கும், கேட்டது கிடைக்கப்பெற்றோர் பதித்த நன்றிக்கற்கள்.

அன்று அங்கிருந்த மர இருக்கை ஒன்றில் மிர்தா என்னும் முப்பத்தோரு அகவைப் பெண், துண்டில் பொதிந்த பளிங்குப் பலகை ஒன்றை மடியில் ஏந்தி அமர்ந்திருந்தாள். மேட்டில் அதைச் சுமந்து ஏறியவளும் அவளே. அவளுக்கு வழியடைத்தாற்போல் அருகே வீற்றிருந்தவள் யாத்ரங்கா அம்மையார். மிர்தாவை மணக்கவிருந்த வேத்ரானின் தாய். நல்லவள், தொல்லையே அதுதான். ஞாயிறுதோறும் பாலாடைக்கட்டி பொதிந்த அப்பம் சுட்டு மிர்தாவின் வீடு தேடி வருபவள். குளிர் தொடங்குமுன்னே கம்பளி பின்னித் தருபவள். வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தால் அந்த வாயிலேயே ஊட்டிவிடுபவள்.

நாற்பதை நெருங்கியும் மணமாகாத மகனுக்கு நல்ல பெண் அமைந்தால் அன்னைக்குக் கல் பதிப்பேன் என்பது அம்மையாரின் நேர்த்தி. வேண்டியது நிறைவேறிய பின்னரே நன்றி சொல்வது அவ்வூர் வழக்கம். இவளோ, மோதிரம் மாற்றியதையே திருமணமாகக் கொண்டு, நன்றி என்னும் சொல்லின்கீழ் இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் வெட்டுவித்துவிட்டாள். வழக்கமான அவசரம் என்றே மிர்தா எண்ணினாள். ஏனெனில் அம்மையாருக்குப் பொறுமை என்பது அடுப்படியில் மட்டுமே உண்டு.

மிர்தாவுக்கு வேத்ரான்மேல் வெறுப்பில்லை, விருப்பமும் இல்லை. இருபது நாளுக்கு முன்னரே அதை அவனிடம் சொல்லியும்விட்டாள். அவன் அழுதான், "அம்மாகிட்ட இப்ப சொல்லிடாத, அவங்க தாங்க மாட்டாங்க" என்று கெஞ்சினான். இரங்கி வாய்மூடினாள். அவ்விரக்கம் நாளொரு கல்வரிசையாக வளர்ந்து, இன்று நாற்புறமும் சுவராகி, அவளுக்கு மூச்சுவிடவும் இடமின்றிச் செய்திருந்தது.

"நல்லா வேண்டிக்க கண்ணு," என்று அம்மையார் காதோரம் கிசுகிசுத்தாள். "நாளைக்குச் சுவத்துல ஏத்திட்டா அப்புறம் யாராலயும் பேத்தெடுக்க முடியாது."

இன்று பேசாவிடில் என்றுமே பேசப்போவதில்லை என்பதை மிர்தா உணர்ந்தாள்; உணர்ந்ததும் அச்சமாக இருந்தது.

"அத்தை, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது குரல். முன்வரிசைப் பெரியவர் திரும்பிப் பார்த்தார்; திரி விற்பவள் சில்லறை எண்ணுவதை நிறுத்தினாள். அம்மையாரோ திடுக்கிடவில்லை. துண்டின் நுனியை இழுத்துச் சரிசெய்தாள்.

"மெதுவா பேசுடி. எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"ஞாயித்துக்கிழமையே அவன் சொல்லிட்டான். மறுநாள் காலையில போய்க் கல்லு வெட்டக் குடுத்தேன். பேர் ஏறிட்டா நீ மறுக்க மாட்டேன்னு நெனச்சேன். உன்னால ஒருத்தர் மனசை நோகடிக்க முடியாதே, மிர்தா."

மிர்தாவுக்குச் சினம் மூண்டது. ஊட்டிய கையே தன் நற்குணத்தைக் கயிறாகத் திரித்திருக்கிறது! ஆயினும் அந்த முதிய முகத்தைக் கண்டபோது, இது வஞ்சமன்று, மகன் தனித்துப்போவானே என்னும் நடுக்கம் என்பதும் அவளுக்குப் புரிந்தது. புரிந்ததனால் வலி இரட்டித்தது. எழுந்து, பலகையை இருக்கையில் வைத்தாள்.

"சரி, போ," என்றாள் அம்மையார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்தக் கல்லையாவது வீடு வரைக்கும் கொண்டாந்து குடுத்துட்டுப் போ. என்னால தூக்க முடியாது."

அதுவும் உண்மை, அதுவும் கண்ணி. மிர்தாவின் கை தானாகவே நீண்டது. வீட்டில் வேத்ரான் இருப்பான், உணவுமேசை விரித்திருக்கும், சூடான சாறு ஆறுமுன் குடித்துவிட்டுப் போ என்பாள். அதன்பின் ஆயுள் முழுதும் அந்த மேசைதான். நீண்ட கை பாதியிலே நின்று மடங்கிற்று.

"அதுவும் முடியாது அத்தை. மன்னிச்சுக்கங்க."

மேல்நகர்ப் பக்கம் திறந்த வளைவின் வழியே அவள் நடந்தாள். பின்னிருந்து எவரும் அழைக்கவில்லை. அங்கே எவரும் குரலெடுத்து அழைப்பதில்லை.

கற்றறிந்த நண்பரே, கொடியோர் பூட்டிய பூட்டை உடைத்து வெளியேறுவோரை ஊர் கொண்டாடும். அன்புடையோர் அடைத்த கதவைத் திறந்து வெளியேறுபவளுக்கோ புகழுமில்லை, தேற்றுவாருமில்லை. கல்நெஞ்சக்காரி என்னும் பெயரே எஞ்சும். அப்பெயரைச் சுமக்கத் துணிந்து, மிர்தா தெரு நெடுக அழுதுகொண்டே போனாள். ஆனால் திரும்பவில்லை.